பால்வாடியா, எல்கேஜியா, ப்ளே ஸ்கூலா, சொந்தமாகவா?

"அக்கா, பால்வாடி வேலைக்கு அப்ளிகேஷன் போடவா? இல்ல, பக்கத்து ஸ்கூல்ல எல்கேஜி மிஸ்ஸா வரச் சொல்றாங்க, அதுக்குப் போகவா?"

லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். வயது 29. பி.காம் முடித்திருக்கிறாள். மகனுக்கு மூன்றரை வயது. இதே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் மாதத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள். சிலர் பிராண்ட் ப்ளே ஸ்கூலில் சேரலாமா என்பார்கள். சிலருக்கு வீட்டு முன்னறையிலேயே ஒன்று ஆரம்பித்துவிட ஆசை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2010 முதல் 2016 வரை திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி மிஸ். அடுத்த நான்கு வருடம் வாடகை வீட்டில் சொந்த ப்ளே ஸ்கூல். அதை மூடி, கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, 2022-இல் ஒரு பிராண்ட் ப்ளே ஸ்கூலில் இரண்டு வருடம். பால்வாடி மட்டும் நான் பார்த்த வேலை இல்லை. ஆனால் என் சித்தி இருபது வருடத்துக்கு மேலாக பால்வாடி டீச்சர். அவருடைய மையத்தில் நான் உட்கார்ந்திருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு கல்வியாண்டு வரும்.

எதை வைத்து அளப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" அந்தக் கேள்வியை "வருஷம் எவ்வளவு?" என்று மாற்றிக் கேளுங்கள். பத்தாயிரம் சம்பளம் என்பார்கள், மே மாதம் கிடையாது என்பதைச் சொல்ல மாட்டார்கள். 11 மாதத்துக்கு 1,10,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,167 ரூபாய்தான். அதிலிருந்து யூனிஃபார்ம் சேலை, சார்ட் பேப்பர், ஃபெவிகால், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழியுங்கள். நகரப் பேருந்து பெண்களுக்கு இலவசமாகிவிட்டதால் போக்குவரத்துச் செலவு சிலருக்கு மிச்சம். ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

அடுத்தது, ஓர் ஆளுக்கு எத்தனை குழந்தைகள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் ப்ளே ஸ்கூல் வழிகாட்டுதல், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. இந்த எண்ணிக்கை உங்கள் உடம்பையும் நேரடியாகத் தொடும். உங்களுக்கே பாத்ரூம் போக வேண்டுமென்றால் வகுப்பை யார் பார்ப்பது? தொண்டை கட்டுவதும், சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வருவதும், முதல் ஆறு மாதம் குழந்தைகளிடமிருந்து சளியும் காய்ச்சலும் ஒட்டிக்கொள்வதும் இந்த வேலையில் சேர்ந்த எல்லோருக்கும் பழக்கம். கூட ஓர் ஆள் இருந்தால் பாதி குறையும்.

மூன்றாவதாக நான் பார்ப்பது, நாளில் எத்தனை மணி நேரம் நிஜமாகவே குழந்தைகளோடு போகிறது, எத்தனை மணி நேரம் காகிதத்தோடும் போனோடும் போகிறது என்பது. நான்காவது, மூன்று வயதுக் குழந்தையை எழுத வைக்கச் சொல்வார்களா? ஐந்தாவது, பத்து வருடம் கழித்து அங்கிருந்து கிளம்பும்போது கையில் என்ன இருக்கும்?

அங்கன்வாடி

பால்வாடி என்றால் நம் ஊரில் கொஞ்சம் இளக்காரம். "படிச்சிட்டு போயும் போயும் பால்வாடிக்கா?" என்று என் சித்தியையே கேட்டவர்கள் உண்டு. கேட்ட வீடுகளில் இரண்டு பிள்ளைகள் அவர் மையத்தில்தான் நடை பழகினார்கள்.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ்தான் இன்றும் இந்த மையங்கள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 54,439 மையங்கள், குறு மையங்களும் சேர்த்து. 2025-இல் வந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பின்படி பணியாளருக்கு பிளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35 வரை (சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு), அதே ஊரிலோ அக்கம்பக்கத்திலோ குடியிருக்க வேண்டும். முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அது முடிந்ததும் 7,700 – 24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். குறு மையப் பணியாளருக்குத் தொடக்கம் 5,700, உதவியாளருக்கு 4,100. தொடக்கத் தொகையைப் பார்த்து மூக்கைச் சுளிக்காதீர்கள். காலமுறைக்கு வந்த பிறகு வருடா வருடம் ஏறும், பன்னிரண்டு மாதமும் வரும். பெருந்தொற்றில் நாங்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சித்திக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்குப் பிறகு சிறப்பு ஓய்வூதியமும் இருக்கிறது. தொகை சின்னதுதான், சங்கங்கள் உயர்த்தச் சொல்லிப் போராடிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் நான் இங்கே சொல்லப்போகும் மற்ற மூன்றிலும் இப்படி அரசு தரும் ஓய்வூதியம் இல்லை.

எழுத வைக்கும் நெருக்கடியும் இங்கே கிடையாது. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் பெயருக்கு ஏற்றபடி பாட்டும் கதையும் விளையாட்டுமாகத்தான் போகும். முட்டை போடும் நாளில் சித்தி செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவித்த முட்டைகளைத் தட்டில் வைத்து, குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொன்றாக எண்ணி உரிக்கச் சொல்வார். ஓடு உரிப்பதில் விரலுக்கு வேலை, எண்ணுவதில் கணக்கு, "உள்ளே என்ன கலர்?" என்பதில் பேச்சு. நான் எல்கேஜியில் நாலு சார்ட் ஒட்டி நடத்திய பாடம் அந்த ஒரு தட்டில் முடிந்துவிடும்.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? நேரம். பால்வாடி டீச்சர் டீச்சர் மட்டும் கிடையாது. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், வளரிளம் பெண், தடுப்பூசி, எடை, உயரம், சத்துமாவு, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என எல்லாம் அவர் தலையில். பதிவேடுகள் ஒரு பக்கம், போனில் போஷன் டிராக்கர் செயலி ஒரு பக்கம். சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் போனில் படம் பிடித்து உறுதி செய்ய வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் கைக்குழந்தையோடு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்க வேண்டும். இதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை. வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் மையத்தைப் பார்ப்பது உதவியாளர்தான். உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் மையமென்றால் சமையலும் உங்களுடையதே. மே மாதம் பள்ளிகளுக்கு முழு விடுமுறை, இங்கே 15 நாள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. மூன்று வயது ஆனதும் பிள்ளைகளைத் தனியார் எல்கேஜிக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். 2022-இல் அதைக் கைவிடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பி, தற்காலிக ஆசிரியைகளை மாதம் 5,000 ரூபாய்க்குப் போட்டுத் தொடர்ந்தார்கள். அந்தத் தற்காலிக வேலையைப் பால்வாடி வேலை என்று நினைத்து ஏமாந்தவர்களைத் தெரியும். இரண்டும் வேறு வேறு. அறிவிப்பை இரண்டு தடவை படியுங்கள். பணம் கொடுத்தால் போஸ்டிங் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சொந்த ஊரில் நிலையாக இருக்கப்போகிறவர், வயது வரம்புக்குள் இருப்பவர், தெருவில் நாலு வீட்டில் உரிமையோடு நுழைந்து பேசத் தெரிந்தவர்: இவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கணவரின் வேலைக்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிறவருக்குச் சரிவராது. எழுத்து வேலை என்றாலே எரிச்சல் வருகிறவருக்கும் வேண்டாம்.

தனியார் பள்ளி எல்கேஜி, யூகேஜி

எளிதாகக் கிடைப்பது இது. ஏப்ரல், மே மாதங்களில் எந்தப் பள்ளி வாசலிலும் ஆள் தேவை போர்டு தொங்கும். இதன் பெரிய கவர்ச்சி சம்பளம் இல்லை, சொந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஃபீஸ் சலுகை. வருட ஃபீஸ் 30,000 ரூபாயில் பாதி கழித்தால் அது உங்களுக்கு 15,000 ரூபாய் சம்பளம் கூடியதற்குச் சமம். தாயும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் திரும்புவதற்கு விலையே போட முடியாது. நான் ஆறு வருடம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம். ஆனால் அதுவே ஒரு கயிறும்கூட. வருட நடுவில் வேலையை விட்டால் சலுகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

எங்கள் பகுதியில் எனக்குத் தெரிந்தவர்கள் வாங்குவது எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை. பெரிய சிபிஎஸ்இ பள்ளிகளில் அதற்கு மேலும் கிடைக்கும், ஆனால் அங்கே ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். வகுப்புக்கு முப்பது, முப்பத்தைந்து குழந்தைகள், இரண்டு செக்‌ஷனுக்கு ஓர் ஆயாம்மா. என் முதல் வருட ஜூன் மாதத்தை நினைத்தால் இப்போதும் காது அடைக்கிறது. 34 குழந்தைகள், முதல் வாரம், ஒருவன் அழ ஆரம்பித்தால் வரிசையாக எல்லோரும். ஒரு சின்னப் பையன் மட்டும் அழவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் நின்றான். அழுகிறவர்களைச் சமாளித்ததில் அவனை நான் கவனிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் அவன் நின்ற இடம் ஈரமாக இருந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்கு பாத்ரூம் எங்கே என்றே யாரும் காட்டவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எழுத்து நெருக்கடி இங்கேதான் அதிகம். நாலு கோடு நோட்டு, இரண்டு கோடு நோட்டு, கட்ட நோட்டு. டிசம்பருக்குள் கேபிட்டல் லெட்டர், மார்ச்சுக்குள் ஒன்று முதல் நூறு, நடுவில் உயிரெழுத்து. மூன்றரை வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் முழுதாக உருவாகியிருக்காது, பலருக்குப் பென்சிலைச் சரியாகப் பிடிக்கவும் வராது. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரையை அடித்தளப் பருவம் என்று பிரித்து விளையாட்டு வழியில் கற்பிக்கச் சொல்கிறது. அதற்கென்று 2022-இல் தனிப் பாடத்திட்டக் கட்டமைப்பும் வந்தது. ஆனால் ஓப்பன் டே அன்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்து ஸ்கூல்ல சென்டென்ஸே எழுதுறாங்களாமே மிஸ்?" என்று கேட்கும் அப்பாவுக்குக் கொள்கையைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. கரஸ்பாண்டென்டுக்கும் அந்த அப்பாதான் முக்கியம். கடைசியில் குழந்தையின் கையைப் பிடித்து நாமே எழுதி நோட்டை நிரப்புவோம். நானும் நிரப்பியிருக்கிறேன்.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தேன், பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அட்மிஷன் சீசனில் நோட்டீஸோடு வீடு வீடாக அனுப்புவார்களா, ஆண்டுவிழா ஒத்திகைக்கு எத்தனை ஞாயிறு போகும், பிஎஃப் பிடிக்கிறார்களா என்றெல்லாம் முன்பே கேளுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பிஎஃப் கட்டாயம்.

பணிக்கொடையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 2009-இல் செய்த சட்டத் திருத்தம் ஆசிரியர்களையும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டு, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். நான் விலகும்போது சம்பளம் 8,000. 8,000 × 15 ÷ 26 × 6 என்று போட்டால் ஏறத்தாழ 27,700 ரூபாய். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. அவர்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சிறு பிள்ளை அதே பள்ளியில் படிக்கிற தாய்க்கு, அந்த மூன்று நாலு வருடத்துக்கு இது நல்ல ஏற்பாடு. பிள்ளை வளர்ந்த பிறகும் தொடர்வதா என்பதை அப்போது மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிராண்ட் ப்ளே ஸ்கூல்

இங்கே சேருவது சம்பளத்துக்காக என்பதைவிடத் தொழில் கற்றுக்கொள்வதற்காக என்பேன். வகுப்புக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள், கூடவே ஓர் உதவியாளர். தலைமை அலுவலகத்திலிருந்து மாதாமாதம் பாடத் தொகுப்பு, பொருட்கள், பயிற்சி எல்லாம் வந்துவிடும். ஒரு குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதுவது, கடிக்கிற குழந்தையை எப்படிக் கையாள்வது, அம்மாவைப் பிரியும் அழுகைக்கு எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது என்பதையெல்லாம் எனக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் அது இங்கேதான். பத்து வருட அனுபவத்துக்குப் பிறகு போய்க் கற்றுக்கொண்டேன் என்பது வேறு கதை.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை போன். மதியத்துக்குள் ஒவ்வொரு குழந்தையின் போட்டோவும் பெற்றோர் குரூப்புக்குப் போயாக வேண்டும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கேமரா. ஈரமான எதையும் தொடவே மாட்டேன் என்று இருந்த இரண்டரை வயதுப் பாப்பா ஒருநாள், யாரும் சொல்லாமல், பெயின்ட் தட்டில் சுண்டு விரலை மட்டும் வைத்து எடுத்துப் பார்த்தாள். நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து கோஆர்டினேட்டர், "மேம், ஸ்மைல் பண்ணச் சொல்லி ஒரு ஷாட் எடுங்க" என்றார். பாப்பா விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுபடி அந்தத் தட்டுப் பக்கம் வர மூன்று வாரம் ஆனது.

டே கேரும் சேர்ந்த இடமென்றால் உங்கள் மணி நேரத்தைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். பெற்றோர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ஏழு மணி வரை உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். மே மாதம் விடுமுறைக்குப் பதில் கோடை முகாம். பிராண்ட் பெரியதாக இருக்கலாம், ஆனால் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அதன் பெயரை வாங்கி நடத்தும் உள்ளூர்க்காரர். அவர் கடையை மூடினால் பிராண்ட் உங்களைத் திரும்பிப் பார்க்காது. பெரும்பாலும் பத்துப் பேருக்குள் வேலை பார்க்கும் இடம் என்பதால் பிஎஃப், பணிக்கொடை எதுவும் எட்டாது.

பின்னாளில் சொந்தமாகத் தொடங்கும் எண்ணம் இருப்பவர்கள் இரண்டு மூன்று வருடம் இங்கே இருந்துவிட்டுப் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

சொந்தமாக

இதைப் பற்றிக் கேட்கிறவர்களின் குரலில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதை அணைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே என் நோட்டுக் கணக்கை அப்படியே தருகிறேன்.

நன்றாக நடந்த 2018-இல் 22 குழந்தைகள், தலைக்கு 1,500. வரவு 33,000. வாடகை 9,000, உதவி மிஸ் 7,000, ஆயாம்மா 6,000, கரண்ட், தண்ணீர் கேன், பினாயில், க்ரேயான் எல்லாம் சேர்த்து 2,500. மிச்சம் 8,500. எல்கேஜி மிஸ்ஸாக இருந்தபோது வாங்கியதைவிட 500 ரூபாய் அதிகம், அதுவும் ஃபீஸ் எல்லோரும் கட்டிய மாதத்தில். மாதத்துக்கு நாலு வீடாவது "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் மிஸ்" என்பார்கள். தினமும் முகம் பார்க்கும் அம்மாவிடம் கடுமையாகக் கேட்க வாய் வராது. மே மாதம் வரவு சுழியம், வாடகை வழக்கம்போல். ஆயாம்மாவுக்கு அரைச் சம்பளம் கொடுக்காவிட்டால் ஜூனில் அவர் திரும்பி வர மாட்டார்.

அனுமதி விஷயத்தில் சோம்பேறித்தனமே கூடாது. 2015-இல் தமிழக அரசு மழலையர் பள்ளிகளுக்கென்று விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மை, சுகாதாரம் என்று சான்றிதழ்கள் வாங்க வேண்டும். "பத்துப் பிள்ளைக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்பார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். வீடு பார்க்கும்போதே தரைத்தளமா, வெளியேற இரண்டு வழி இருக்கிறதா, கேஸ் அடுப்பு எங்கே இருக்கும் என்று பாருங்கள். வீட்டு மின் இணைப்பில் நடத்த முடியாது, கட்டண வகையை மாற்ற வேண்டும். மாற்றினால் இலவச 100 யூனிட் போய்விடும். இதையெல்லாம் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் சண்டை நிச்சயம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தால் புகார் செய்வது கடமை. மறைத்தால் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. டிரைவர், வாட்ச்மேன், ஆயாம்மா யாராக இருந்தாலும் விசாரிக்காமல் சேர்க்காதீர்கள்.

நான் மூடிய கதை சின்னது. 2020 மார்ச்சில் எல்லாம் அடைத்தார்கள். தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூலும் எல்கேஜியும் திறக்க அனுமதி கிடைத்தது 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி. கிட்டத்தட்ட இரண்டு வருடம். நான் ஆறு மாதம்தான் தாங்கினேன். வாடகை பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்கள். குட்டி நாற்காலிகளைச் சித்தியின் மையத்துக்குக் கொடுத்தேன். அப்படி ஒன்று இன்னொரு முறை வராது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வருட வாடகையைத் தனியாக ஒதுக்கி வைக்காமல் தொடங்காதீர்கள். பிராண்ட் வாங்கி நடத்தலாமே என்பவர்களுக்கு: முன்பணத்தோடு வருமானத்தில் ஒரு பங்கும் போகும், மேலே சொன்ன 8,500-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அந்த நான்கு வருடம் யாரையும் எழுத வைக்காமல் இருந்தேன். மணலும் தண்ணீரும் பழைய பாத்திரங்களும் வைத்து நடத்தினேன். அப்படி நடத்த என்னை விட்ட இடம் வேறெதுவும் இல்லை. சொந்த வீடு தரைத்தளமாக இருந்து, வீட்டில் இன்னொரு வருமானமும் இருந்து, இந்த வேலையை உள்ளே இருந்து பார்த்தவராகவும் இருந்தால் தாராளமாக இறங்குங்கள்.

ஒரே பார்வையில்

| | அங்கன்வாடி | தனியார் எல்கேஜி | பிராண்ட் ப்ளே ஸ்கூல் | சொந்தம் |
|---|---|---|---|---|
| பணம் வரும் மாதங்கள் | 12 | 10 முதல் 12, கேட்டு உறுதி செய்யவும் | 12, மே மாதம் முகாம் | வரவு 11, வாடகை 12 |
| குழந்தைகள் | ஊரைப் பொறுத்து | 30-க்கு மேல் | 12 – 15 | நீங்கள் வைப்பது |
| எழுத வைக்கும் நெருக்கடி | இல்லை | மிக அதிகம் | குறைவு | பெற்றோரிடம் பேசிச் சமாளிக்கலாம் |
| நேரத்தைத் தின்பது | பதிவேடு, செயலி, தேர்தல் வேலை | நோட்டு, ஆண்டுவிழா, அட்மிஷன் | போட்டோ, கூடுதல் மணி நேரம் | எல்லாமே |
| கிளம்பும்போது | பணிக்கொடை, சிறப்பு ஓய்வூதியம் | பிஎஃப், பணிக்கொடை | கற்ற தொழில் | மிச்சமிருந்தால் அட்வான்ஸ் |

எழுத்து, குழந்தை எண்ணிக்கை வரிசைகள் நானும் என் தோழிகளும் வேலை பார்த்த இடங்களை வைத்துச் சொன்னவை. உங்கள் ஊரில் முன்பின் இருக்கும்.

படிப்புக்கு எவ்வளவு செலவழிப்பது?

பி.எட் இருந்தால்தான் எல்கேஜிக்கு எடுப்பார்கள் என்று நம்பி லட்சக்கணக்கில் செலவழிக்காதீர்கள். அது பெரிய வகுப்புகளுக்கான படிப்பு, மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி அதில் தேடினாலும் கிடைக்காது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இக்னோவின் மழலையர் பராமரிப்பு, கல்வி டிப்ளமோ செலவு குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம். 'மாண்டிசோரி டிப்ளமோ' போர்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கே வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து பாடம் நடத்தியவர். நம் மண்ணுக்கு அந்த முறை புதிதில்லை. ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் போட்டுக்கொள்ளலாம். உண்மையான பயிற்சி என்றால் பொருட்களோடு மாதக்கணக்கில் கைப்பழக்கம் இருக்கும். ஆறு வார ஆன்லைன் சான்றிதழுக்கு இருபதாயிரம் கேட்டால் விலகிவிடுங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு காரியம்

எந்த இடமானாலும் முடிவு சொல்லும் முன் ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். பசியும் தூக்கமும் ஒன்றாக வரும் நேரம் அது. அழுகிற குழந்தையிடம் பெரியவர்கள் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். பாத்ரூம் குழாய் குழந்தைக்கு எட்டுகிறதா பாருங்கள். ஆயாம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். ஐந்து வருடம் என்று அவர் சொன்னால், கரஸ்பாண்டென்ட் அறையில் சொல்வதையெல்லாம்விட அதை நம்பலாம். உட்காரவே விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

லால்குடிப் பெண் போன வாரம் மறுபடி பேசினாள். அடுத்த அங்கன்வாடி அறிவிப்புக்காக இருப்பிடச் சான்று, சாதிச் சான்றெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். அதுவரைக்கும் எல்கேஜிக்குப் போகிறாள், மகனுக்குப் பாதி ஃபீஸ். "ஒரிஜினல் கேட்டாங்கக்கா. ஜெராக்ஸ்தான் கொடுத்தேன்" என்றாள்.